மீதி இரத்தம் யாருடையது?

கிறிஸ்துவுக்குள் அன்பான பங்காளர்களே,

வழக்கமாக இந்தப் பக்கங்களில் சுகம் பெற்றுச் சென்றவர்களைப் பற்றியும், கட்டட வேலைகளைப் பற்றியும், உங்கள் காணிக்கைகள் எவ்வாறு செலவிடப்பட்டன என்பதைப் பற்றியும் எழுதுவோம். இம்முறை சற்றுக் கடினமான ஒரு காரியத்தை எழுத வேண்டியிருக்கிறது. பொறுமையோடு வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

பரிசோதனைக்கூடத்துக்குத் தானியங்கி இரத்தப் பரிசோதனைக் கருவி வேண்டும் என்று பலமுறை உங்களிடம் ஜெபிக்கக் கேட்டிருந்தோம். அதை இலவசமாகத் தர ஒரு நிறுவனம் முன்வந்ததாகவும், நாங்கள் இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை என்றும் உங்களில் சிலர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். "வீட்டு வாசலில் வந்து நிற்கும் ஆசீர்வாதத்தை ஏன் தள்ளுகிறீர்கள்?" என்று கேட்டு ஒரு சகோதரர் கடிதமும் எழுதினார். நியாயமான கேள்வி. உங்கள் பணத்தில் நடக்கும் ஊழியம் இது. பதில் சொல்ல நாங்கள் கடமைப்பட்டவர்கள்.

ராஜபாளையத்துக்கு மேற்கே சுமார் 10 கி.மீ. தொலைவில் மலையடிவாரத்தில் இருக்கிறது அய்யனார் கோவில். மாந்தோப்புகளையும் தென்னந்தோப்புகளையும் கடந்து போனால் சாலை முடிந்து காடு தொடங்கும். ஓடையை ஒட்டிய அந்தக் கோவிலை நீர் காத்த அய்யனார் கோவில் என்று ஊரார் சொல்வார்கள். அந்த அடிவாரத்தில்தான் பளியர் குடியிருப்பு உள்ளது. ஒரு காலத்தில் தேனும் கிழங்கும் தேடி மலையிலேயே வாழ்ந்த மக்கள். 1988-ல் இந்த மலைப்பகுதி சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாயிற்று. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமும் வந்தது. காட்டுக்குள் போய்வருவதற்கே கட்டுப்பாடுகள் கூடிவிட்ட நிலையில் பலர் இன்று தோப்புக் காவலுக்கும் கூலி வேலைக்கும் போகிறார்கள். எங்கள் அடிவார முகாமுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இவர்களே. இரத்தசோகை, சர்க்கரை, காய்ச்சல் ஆகியவற்றுக்காக ஆளுக்கு ஒரு குழாய் இரத்தம் எடுத்து, மாலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து பரிசோதிப்போம்.

வெளியூரிலிருந்து ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தார் வந்து எங்களைச் சந்தித்தார்கள். மரியாதையாகப் பேசினார்கள், எதையும் மறைக்கவில்லை. மலைவாழ் மக்களின் மரபணுக்களுக்கும் சர்க்கரை நோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்வதாகச் சொன்னார்கள். நாங்கள் பரிசோதித்த பிறகு குழாயில் மிஞ்சும் இரத்தத்தைக் குளிர்பெட்டியில் வைத்து அனுப்பினால் போதும். புதிதாக ஊசி குத்த வேண்டியதில்லை. யாருடைய பெயரும் வேண்டாம். வயது, ஆணா பெண்ணா, எந்த இனம் ஆகிய மூன்றையும் குழாயில் எழுதியிருந்தால் போதும். எதிர்காலத்தில் வேறு ஆராய்ச்சிகளுக்கும் அந்த இரத்தத்தைச் சேமித்து வைப்பார்கள். பதிலுக்குக் கருவி தருவார்கள். உண்மையைச் சொன்னால், அன்று மாலை நாங்கள் மகிழ்ச்சியோடு ஸ்தோத்திரம் பண்ணினோம்.

அடுத்த முகாமில் ஒரு பாட்டியம்மா எங்கள் நர்ஸிடம் ஒரு கேள்வி கேட்டார். இரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே கேட்டார்: "குழாய் நிறைய எடுக்கிறீக. பாக்கிறது ரெண்டு சொட்டுத்தான்னு போன தடவை சொன்னீக. மிச்சத்தை என்னம்மா செய்வீக?"

"கொட்டிருவோம் பாட்டி" என்றார் நர்ஸ். அன்று வரையில் அது உண்மை. நாங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால் மறுநாளே அது பொய்யாகியிருக்கும். நர்ஸ் இதை இரவு ஜெபக்கூட்டத்தில் சொன்னபோது எங்களில் ஒருவரும் பேசவில்லை. அதன் பிறகுதான் இந்தக் காரியத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கினோம். படித்ததில் சிலவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

முதலாவது, மருத்துவ ஆராய்ச்சிக்கு நாங்கள் விரோதிகள் அல்ல. இன்று காசநோயாளி ஒருவர் தம் வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டுக் குணமடைகிறார் என்றால், அதற்குச் சென்னையின் ஏழை நோயாளிகளே காரணம். 1956-ல் அங்கே தொடங்கப்பட்ட காசநோய் சிகிச்சை ஆராய்ச்சி மையத்தில், ஒரு சாராரை சானடோரியத்திலும் மற்றொரு சாராரை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டுச் சிகிச்சையும் அதே பலனைத் தருகிறது என்று 1959-ல் தெரிந்தது. உலகமெங்கும் காசநோய் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு அந்த ஆராய்ச்சியும் ஒரு காரணம். நம் மிஷன் ஆஸ்பத்திரிகள் சிலவற்றில் இன்றைக்கும் வெறுமையாக நிற்கும் பழைய காசநோய் வார்டுகளைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளலாம். வேலூர் சி.எம்.சி.யில் கடுமையான ஹீமோபிலியா நோயுள்ள ஐந்து பேருக்கு, அவர்களுடைய சொந்த இரத்த மூல செல்களில் குறைபட்ட மரபணுவின் சரியான பிரதியைச் சேர்த்துத் திரும்பச் செலுத்திய சிகிச்சையின் பலன் 2024 டிசம்பரில் வெளியானது. சிறு அடிபட்டாலே இரத்தம் நிற்காத அவர்களுக்கு, கண்காணிக்கப்பட்ட காலத்தில் இரத்தக்கசிவே ஏற்படவில்லை. நோயாளிகள் ஆராய்ச்சிக்குத் தங்களை ஒப்புக்கொடுத்திராவிட்டால் இவை எதுவும் நடந்திராது. ஒப்புக்கொடுத்தது யார், எதற்கு என்று தெரிந்து ஒப்புக்கொடுத்தார்களா என்பதே கேள்வி.

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில், கிராண்ட் கேன்யன் என்னும் மாபெரும் பள்ளத்தாக்கின் அடியில் ஹவசுபாய் என்ற ஒரு சிறு பழங்குடி இனம் உண்டு. சில நூறு பேர் மட்டுமே. அவர்களிடையே சர்க்கரை நோய் மிகுந்திருந்தது. காலை இழந்தவர்கள், பார்வையை இழந்தவர்கள் எல்லாம் இருந்தார்கள். 1990-ல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் வந்து, சர்க்கரை நோயின் காரணத்தைக் கண்டறிய இரத்தம் கேட்டார்கள். தங்கள் பிள்ளைகளுக்காவது உதவட்டும் என்று மக்கள் கைகளை நீட்டினார்கள். கையெழுத்து வாங்கிய தாளில் சர்க்கரை என்ற சொல் மட்டும் இல்லை. எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்கும் பரந்த வாசகம் இருந்தது. சர்க்கரை நோயைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் கண்டுபிடிக்கப்படவில்லை. இரத்தமோ குளிர்பெட்டியில் தங்கிவிட்டது. கை மாறிக் கை போயிற்று. மனச்சிதைவு நோய் பற்றியும், நெருங்கிய உறவுக்குள் நடக்கும் திருமணம் பற்றியும், அந்த மக்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்பது பற்றியும் அதை வைத்து ஆராய்ந்தார்கள்.

2003-ல் அந்த இனத்துப் பெண் ஒருவர் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவரின் முனைவர் பட்ட உரையைக் கேட்கப் போனார். அங்கே பேசப்பட்டது தம் ஜனத்தின் இரத்தத்தைப் பற்றி என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. தாங்கள் அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் என்பது அந்த மக்களின் விசுவாசம். ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்று அவர்களுடைய இரத்தத்தைக் கொண்டே சொல்லப்பட்டிருந்தது. விஞ்ஞானம் சொன்னது சரியாகவே இருக்கலாம். அந்தக் கேள்விக்காக அவர்கள் இரத்தம் கொடுக்கவில்லை என்பதே அவர்களுடைய வழக்கு. அந்தப் பல்கலைக்கழகத்தார் தங்கள் எல்லைக்குள் கால் வைக்கக்கூடாது என்று தடை விதித்தார்கள், நீதிமன்றத்துக்கும் போனார்கள். 2010 ஏப்ரலில் சமரசம் ஏற்பட்டது. பல்கலைக்கழகம் 41 பேருக்கு 7 லட்சம் டாலர் கொடுத்ததோடு, மிஞ்சிய இரத்தத்தையும் திருப்பிக் கொடுத்தது. அதைப் பெற்றுக்கொள்ள வந்தவர்கள் குளிர்பெட்டியின் முன் நின்று பாடி அழுதார்களாம். வந்தவர்களை ஏமாற்ற வேண்டும் என்று அங்கே யாரும் புறப்பட்டு வந்ததாகத் தெரியவில்லை. மீதி இருந்தது, கேள்வியும் இருந்தது, திரும்பப் போய்க் கேட்கத் தோன்றவில்லை. அவ்வளவுதான். எங்களுக்கு அது மிகவும் நெருக்கமாகப் பட்டது.

அதே 2010-ல் ஆப்பிரிக்காவிலும் ஒன்று நடந்தது. நமீபியாவைச் சேர்ந்த, சான் என்னும் வேட்டைக்குடி முதியவர்கள் நால்வரின் மரபணுத் தகவல்களும், தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டூவின் மரபணுத் தகவலும் ஒரே ஆராய்ச்சிக் கட்டுரையில் வெளியாயின. பேராயர் படித்தவர், உலகறிந்தவர். எதற்குச் சம்மதிக்கிறோம் என்பதை அறிந்தே சம்மதித்தவர். சான் முதியவர்களிடமும் சம்மதம் வாங்கியிருந்தார்கள். ஆனாலும் அந்த ஜனத்தின் தலைவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். நால்வரைக் கேட்டு, எங்கள் எல்லாரையும் பற்றி எழுதிவிட்டீர்கள். எங்கள் சபைகளை ஏன் கேட்கவில்லை என்றார்கள். அவர்கள் கோபத்தோடு நின்றுவிடவில்லை. 2017-ல் தங்களிடம் ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள் நடந்துகொள்ள வேண்டிய நெறிமுறைகளைத் தாங்களே எழுதி வெளியிட்டார்கள். மரியாதை, நேர்மை, நியாயம், கரிசனை இவையே அதன் சாரம்.

இந்த நால்வர் விஷயத்தில்தான் மரபணு ஆராய்ச்சி மற்ற ஆராய்ச்சிகளிலிருந்து வேறுபடுகிறது. என் பல்லைப் பிடுங்க நான் சம்மதித்தால் அது என் பல்லோடு முடிந்தது. என் மரபணுவைப் படிக்க நான் சம்மதித்தால், என் தாயையும், என் தம்பியையும், இன்னும் பிறவாத என் பேரப்பிள்ளையையும் பற்றிக் கொஞ்சம் படிக்கக் கொடுக்கிறேன். வெளியில் அதிகம் பெண் கொடுத்துப் பெண் எடுக்காத ஒரு சிறு குடியிருப்பாக இருந்தால் எல்லாரையும் பற்றியுமே கொடுத்துவிடுகிறேன்.

நம் பக்கத்திலும் இப்படிப்பட்ட ஆராய்ச்சிகள் நடந்ததுண்டு. 2005-ல் நேஷனல் ஜியாகரபிக் சங்கமும் ஐ.பி.எம். நிறுவனமும் மனிதகுலத்தின் பழைய பயணத்தை அறிய 'ஜெனோகிராஃபிக்' என்ற திட்டத்தைத் தொடங்கின. அதன் இந்திய மையம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இருந்தது. தமிழ்நாட்டின் 12 பழங்குடிகளையும் 19 பிற சமூகங்களையும் சேர்ந்த 1,680 ஆண்களின் மரபணுக்களை வைத்து 2012-ல் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. அந்தத் திட்டத்தார் மருத்துவ ஆராய்ச்சியில் ஈடுபடமாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள், அது மெச்சத்தக்கது. அப்படியிருந்தும் உலகின் பழங்குடி அமைப்புகள் சில அதை எதிர்த்தன. 1990-களில் இதே போன்ற வேறொரு திட்டம் பேசப்பட்டபோது, பழங்குடியினர் அதற்கு 'இரத்தக்காட்டேரித் திட்டம்' என்றே பெயர் வைத்தார்கள். கடுமையான பெயர்தான். ஆனால் மறுமுனையில் இருப்பவர்களுக்கு நாம் எப்படித் தெரிகிறோம் என்பதை அது காட்டுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். நாங்களும் அதைத்தான் முதலில் கேட்டோம்; கிடைத்த பதில் எங்களை ஆச்சரியப்படுத்தியது. இந்த அடிவாரத்து மலையில் ஒரு பச்சிலையைப் பறித்து, பளியர் சொன்ன பக்குவத்தில் மருந்தாக்கி விற்க ஒரு கம்பெனி வந்தால், அதற்குச் சட்டம் இருக்கிறது. நம் மலைத்தொடரின் தென்கோடியில், அகத்தியர் மலையில் நடந்ததைச் சிலர் அறிந்திருப்பீர்கள். 1987-ல் அங்கே போன கேரளத் தாவரவியல் விஞ்ஞானிகள் ஏற்றத்தில் சோர்ந்துபோனார்கள். வழிகாட்டிகளாக வந்த காணி இளைஞர்களோ ஏதோ ஒரு காயை மென்றுகொண்டு சளைக்காமல் நடந்தார்கள். அது ஆரோக்கியப்பச்சை என்னும் செடியின் காய். அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து உண்டாக்கப்பட்டு, 1995-ல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு 10 லட்சம் ரூபாய்க்கும், விற்பனையில் 2 சதவீதப் பங்குக்கும் உரிமம் தரப்பட்டது. வந்ததில் பாதி காணி மக்களுக்கென்று ஒதுக்கப்பட்டது; அதைப் பெற 1997-ல் அவர்களுக்கென ஒரு அறக்கட்டளையும் ஏற்பட்டது. அந்த ஏற்பாட்டிலும் குறைகள் உண்டு. என்றாலும் சட்டம் வருவதற்கு முன்பே, கொடுத்தவர்களுக்குப் பங்கு உண்டு என்று ஒத்துக்கொண்ட முயற்சி அது. பிறகு 2002-ல் பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. செடி, விலங்கு, நுண்ணுயிர், அவற்றைப் பற்றிய மக்களின் அறிவு ஆகியவற்றை எடுக்கவும் பலனைப் பகிரவும் அதில் விதிகள் உண்டு. அதை நடத்தும் தேசிய ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது.

அந்தச் சட்டத்தில் உயிரியல் வளம் என்றால் என்ன என்று விளக்கும் இடத்தில் சில சொற்கள் உள்ளன: மனித மரபணுப் பொருள் இதில் சேராது. அதாவது பாட்டியம்மாவின் கையிலிருக்கும் பச்சிலைக்கு அந்தச் சட்டத்தின் காவல் உண்டு. கையில் ஓடும் இரத்தத்துக்கு அங்கே காவல் இல்லை.

அதற்காக ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. புதிய மருந்துகளைச் சோதிப்பதற்கு 2019-ஆம் ஆண்டின் விதிகள் உள்ளன. அவை வந்ததற்குப் பின்னால் வேதனையான சம்பவங்கள் உண்டு. 2009-ல் கம்மம் மாவட்டத்தில், இன்று தெலங்கானாவில் இருக்கும் பகுதியில், கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான தடுப்பூசியை ஓர் ஆய்வுத் திட்டத்தின் கீழ் ஆயிரக்கணக்கான சிறுமிகளுக்குப் போட்டார்கள். விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். பிற்பாடு விசாரித்தபோது, 9,543 சம்மதப் படிவங்களில் 1,948-ல் கைநாட்டு மட்டும் இருந்தது. 2,763-ல் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2010-ல் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013-ல் பாராளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது. இடையில் நேர்ந்த சில மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமாகத் தெரியவில்லை என்றே விசாரணைக் குழு கண்டது. இதைத் தயவுசெய்து கவனியுங்கள். அந்தத் தடுப்பூசி நல்லது. உங்கள் பெண்பிள்ளைகளுக்குப் போடுங்கள் என்றே எங்கள் மருத்துவர்கள் சொல்வார்கள். நல்ல ஊசியையும் தவறான விதத்தில் போட முடியும்.

மிச்ச இரத்தம் போன்றவற்றுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டு நெறிகள் உண்டு. முதலில் 1980-ல் ஓர் அறிக்கையாக வந்தவை, 2000-லும் 2006-லும் 2017-லும் விரிவாக்கப்பட்டன. பெயர் நீக்கப்பட்ட மீதி மாதிரிகளைப் பயன்படுத்த, தனித்தனியே சம்மதம் வாங்குவதிலிருந்து நெறிமுறைக் குழு விலக்கு அளிக்கலாம் என்று அவற்றில் இடம் இருக்கிறது. ஆகவே எங்களிடம் வந்த நிறுவனத்தார் சட்டவிரோதமாக எதையும் கேட்கவில்லை. முறையான குழு ஒன்று ஒப்பினால் போதும். இங்கேதான் நாங்கள் வெகுநேரம் தயங்கினோம்.

பெயர் வேண்டாம் என்று அவர்கள் சொன்னது உண்மை. ஆனால் 'எந்த இனம்' என்பதைக் கேட்டார்களே! அவர்களுக்கு வேண்டியிருந்ததே அந்த ஒரு பெயர்தான். பெரிய நகரத்து ஆஸ்பத்திரியில் ஆயிரம் பேரின் இரத்தத்தில் பெயரைக் கிழித்துப் போட்டால் யாருடையது என்று தெரியாது. அய்யனார் கோவில் அடிவாரத்துப் பளியர் என்று எழுதிவிட்டு, முனியம்மா என்ற பெயரை மட்டும் நீக்கினால் எதை மறைத்தோம்? நாளைக்கு அந்த மக்களுக்குள் ஏதோ ஒரு நோய் பரம்பரையாக இருக்கிறது என்று ஒரு கட்டுரையில் வந்தால், கிழிக்கப்பட்ட பெயர் அவர்களுடைய பிள்ளைகளைக் காப்பாற்றாது. வேலைக்கு வைப்பவரும் பெண் கேட்டு வருபவரும் கட்டுரையைப் படிக்கமாட்டார்கள்தான். ஊர்ப்பேச்சு அவர்களிடம் போய்ச் சேர்ந்துவிடும். குஷ்டரோகத்தைப் பற்றி ஊர் பேசிய பேச்சை நம் மிஷன் ஆஸ்பத்திரிகள் எத்தனை தலைமுறை சுமந்தன என்பதை உங்களில் மூத்தவர்கள் அறிவீர்கள்.

எனவே விலக்கு வாங்க வேண்டாம், நேரில் போய்க் கேட்போம் என்று தீர்மானித்தோம். ஒரு சாயங்காலம் வெள்ளை அங்கியும் ஊசியும் இல்லாமல் அடிவாரத்துக்குப் போனோம். தாத்தாவின் நெற்றி பேரனுக்கு வருகிறதே, அந்தச் செய்தி இரத்தத்துக்குள் எழுதப்பட்டிருக்கிறது. அதை வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் உங்கள் இரத்தத்தைக் கேட்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரிந்த மட்டும் சொன்னோம். கருவியைப் பற்றியும் மறைக்காமல் சொன்னோம். ஒரு பெரியவர், "எங்க சனத்தப் பத்தி என்னன்னு எழுதுவாக? எழுதினதை எங்களுக்கு யாரு வாசிச்சுக் காட்டுவா?" என்று கேட்டார். பள்ளிப் படிப்பு முடித்த ஒரு வாலிபர், மருந்து கண்டுபிடித்தால் தங்களுக்குச் சும்மா தருவார்களா, விலைக்கா என்றார். எங்களிடம் பதில் இல்லை. சர்க்கரையால் தாயைப் பறிகொடுத்த ஒரு பெண், "என்னோடதை எடுத்துக்கோங்க டாக்டரய்யா. எம் பிள்ளைக்காவது ஆகட்டும்" என்றார். அவருடைய கண்களைப் பார்த்தபோது, கருவியை அப்போதே வாங்கிவிடலாம் போலிருந்தது.

மற்றவர்கள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே மூன்று நான்கு குடும்பத்தார் மெல்ல எழுந்து போய்விட்டார்கள். எங்களில் ஒருவர், எதிர்ப்பு ஒன்றும் இல்லையே, சம்மதம் என்றே எடுத்துக்கொள்ளலாமே என்றார். கூட வந்த சகோதரர் ஒருவர் பீட்டர் கார்ட்னரைப் பற்றிச் சொன்னார். 1960-களில் நம் மாவட்டங்களின் பளியரிடையே தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் அவர். பளியர் சச்சரவை வெறுப்பவர்கள். ஒருவர் மேல் ஒருவர் அதிகாரம் செலுத்துவதையே அவமதிப்பாக எண்ணுகிறவர்கள். பிடிக்காத இடத்தில் எதிர்த்துப் பேசமாட்டார்கள், விலகிப் போய்விடுவார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார். நாங்கள் இத்தனை வருஷமாக முகாம் நடத்துகிறோம். எழுந்து போவதும் ஒரு பதில் என்பது எங்களுக்குத் தோன்றாமல் போயிற்று. சத்தம் போட்டு மறுக்கிறவர்களை மனதில் வைத்தே சம்மதப் படிவங்கள் எழுதப்பட்டிருக்கின்றன.

தாவீதின் வாழ்க்கையில் வரும் ஒரு சம்பவம் அன்று திரும்பி வரும் வழியில் எங்கள் நினைவுக்கு வந்தது. பெத்லகேமின் கிணற்றுத் தண்ணீருக்கு ராஜா ஆசைப்பட்டதைக் கேட்டு, மூன்று பராக்கிரமசாலிகள் எதிரிகளின் பாளயத்தில் புகுந்து அதைக் கொண்டுவந்தார்கள். அவனோ அதைக் குடிக்க மனமில்லாமல் கர்த்தருக்கென்று ஊற்றிவிட்டான். அது தண்ணீர்தான், குடித்திருந்தால் யாரும் குற்றம் சொல்லியிருக்கமாட்டார்கள். இரண்டாம் சாமுவேல் 23-ஆம் அதிகாரத்தில் எடுத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

நிறுவனத்தாருக்கு எழுதினோம். எதிர்கால ஆராய்ச்சிக்கென்று சேமிப்பதை நீக்க வேண்டும். சர்க்கரை நோய் தவிர வேறு எதற்குப் பயன்படுத்துவதாயிருந்தாலும் திரும்பி வந்து கேட்க வேண்டும். வேண்டாம் என்று பிறகு சொல்கிறவரின் இரத்தத்தை அழித்துவிட வேண்டும். அச்சிடுவதற்கு முன்பாக, கண்டதைத் தமிழில் அந்தப் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். கருவி இந்த ஏற்பாட்டோடு சேரக்கூடாது என்றும் எழுதினோம். கடைசி வரியை எழுதும்போது கை நடுங்கியதை ஒளிக்க வேண்டியதில்லை. தங்கள் குழுவைக் கலந்துகொண்டு எழுதுகிறோம் என்று பண்போடு பதில் எழுதினார்கள். இன்னும் முடிவு வரவில்லை. அதுவரை குளிர்பெட்டியில் தங்கியிருந்த குழாய்களை முறைப்படி கிருமிநீக்கம் செய்து கழிவுக்கு அனுப்பிவிட்டோம். கருவிக்கான நிதியைப் பழையபடியே உங்கள் காணிக்கைகளிலிருந்து சேர்க்கிறோம். நாள் பிடிக்கும்.

இதில் எங்கள் குறையும் ஒன்று உண்டு. எங்களைப் போன்ற சிறு ஆஸ்பத்திரியில் நெறிமுறைக் குழு இதுவரை இல்லை. இருந்திருந்தால் முதல் நாளே இந்தக் கேள்விகளைக் கேட்டிருப்பார்கள்; ஒரு பாட்டியம்மா கேட்கும்வரை நாங்கள் காத்திருந்திருக்க வேண்டாம். விதிப்படி அந்தக் குழுவில் குறைந்தது ஏழு பேர் வேண்டும். தலைவர் வெளியாளாக இருக்க வேண்டும். அதாவது எங்கள் சம்பளம் வாங்காதவர். மருத்துவர்களோடுகூட, சட்டம் அறிந்தவர் ஒருவர், சமூக இயல் அல்லது இறையியல் அறிந்தவர் ஒருவர், எந்தத் துறையும் சாராத சாமானியர் ஒருவர் வேண்டும். இறையியல் படித்தவருக்கு அரசாங்கத்தின் வழிகாட்டு நெறியே அங்கே நாற்காலி போட்டிருக்கிறது என்பதை நம் போதகர்கள் கவனிக்க வேண்டும். பக்கத்துச் சேகரத்துப் போதகர் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். சாமானியராக இருக்க, அடிவாரத்தில் எங்களிடம் மருந்து விலையைக் கேட்ட அந்த வாலிபரைக் கேட்டிருக்கிறோம். யோசித்துச் சொல்கிறேன் என்றார், எழுந்து போய்விடவில்லை.

சட்டம் அறிந்தவர் இன்னும் கிடைக்கவில்லை. வருஷத்தில் சில நாள் ராஜபாளையத்துக்கு வந்துபோகக்கூடிய, ஓய்வு பெற்ற வழக்கறிஞர் யாராவது உங்கள் சபையில் இருந்தால் எங்களுக்குத் தெரியப்படுத்துங்கள். பிரயாணச் செலவைக் கொடுத்துவிடுவோம்.

கர்த்தருடைய பணியில் உங்கள்,
ஆஸ்பத்திரி ஊழியர்கள்